காஸலில் நாலு நாள்: குதிர், பேனர், பனியன் பேல்

முதல் நாள் – ஆகஸ்ட் 5, 2022, வெள்ளி

ஜெர்மனியில் இந்தக் கோடைக்கு 9 யூரோ சீட்டு என்று ஒன்று விட்டிருக்கிறார்கள். 9 யூரோ கட்டினால் மாதம் முழுக்க நாட்டின் எந்த மூலைக்கும் போகலாம். அதிவிரைவு ரயிலில் மட்டும் ஏறக்கூடாது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதத்துக்குத்தான் இது. பிராங்பர்ட்டிலிருந்து காஸல் போகும் சாதாரண ரயிலில் தீபாவளிக்கு முதல் நாள் கூட்டம். கீஸன் வரை நின்றுகொண்டே வந்தேன். மார்புர்க்கில் ஒரு கல்லூரிக் கும்பல் இறங்கிய பிறகுதான் உட்கார இடம் கிடைத்தது.

நான் ஓவியம் படித்தவன் இல்லை. சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. ஊர் திருப்பூர். அப்பா முப்பது வருடம் பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருந்தவர். ஆக, எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறையாக அடுத்தவர் செய்த பொருளில் குறை கண்டுபிடித்துத்தான் சோறு. காஸலுக்கு வந்ததும் அந்தப் புத்தியால்தான். ஜூன் கடைசியில் இங்கே பேப்பரைத் திறந்தால், யூதர்களை இழிவாக வரைந்திருக்கிறது என்று இறக்கிவிட்ட ஒரு பேனரைப் பற்றிய சண்டை. அந்தப் பேனரைத் தொங்கவிட்ட கண்காட்சிதான் டாக்குமெண்டா. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, 100 நாள், ஊர் முழுக்க நடக்கும். 1955இல் ஆர்னால்ட் போடே என்ற உள்ளூர் ஓவியர் ஆரம்பித்தது. ஹிட்லர் ஆட்சி 'சீரழிந்த கலை' என்று முத்திரை குத்தி ஒழித்துக்கட்டிய நவீன ஓவியங்களை, குண்டு விழுந்து பாதி இடிந்த கட்டடத்திலேயே வைத்து மக்களுக்குக் காட்டினார். அதில் அவருக்கு வலக்கையாக இருந்த கலை வரலாற்றாளர் வெர்னர் ஹாஃப்ட்மன் முன்பு நாஜிக் கட்சியில் உறுப்பினராக இருந்தவர் என்பது சில வருடங்களுக்கு முன்புதான் பரவலாக வெளியே பேசப்பட்டது. இது 15ஆவது டாக்குமெண்டா.

காஸல் பழைய ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் நேர் எதிரே சாய்ந்த இரும்புக் கம்பத்தில் ஒரு ஆள் வானத்தைப் பார்த்து விறுவிறுவென்று நடந்து ஏறிக்கொண்டிருக்கிறான். ஜொனாதன் போரோஃப்ஸ்கி 1992 டாக்குமெண்டாவுக்குச் செய்தது. ஊர்க்காரர்களுக்குப் பிடித்துப்போய் நன்கொடை திரட்டி வாங்கி நிறுத்திக்கொண்டார்கள். அங்கிருந்து படிப்படியாக இறங்கும் தெருவில் போனால் 16 மீட்டர் உயரக் கான்கிரீட் தூண். நைஜீரியாவில் பிறந்த ஒலு ஒகுயிபே 2017இல் எழுப்பியது. ஜெர்மன், ஆங்கிலம், அரபு, துருக்கி என நாலு முகத்திலும் நாலு மொழியில் ஒரே வரி. கிறித்தவப் பள்ளியில் படித்தவன் என்பதால் தமிழிலேயே எனக்கு மனப்பாடம்: 'அந்நியனாயிருந்தேன், என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள்.'

தூண் முதலில் நின்ற இடம் இதுவல்ல, ஊர் நடுவில் இருக்கும் அரசர் சதுக்கம். அங்கே நிற்கலாமா என்று ஒரு வருடம் இழுபறி. 2018 அக்டோபர் 3, ஜெர்மனி ஒன்றிணைந்த நாள் விடுமுறையன்று, கிரேன் வந்து கழற்றிக்கொண்டு போனது. அடுத்த வருடம் இந்தத் தெருவில் வைத்தார்கள். 'என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள்' என்று எழுதிய தூணுக்கே இடம் தேட வேண்டியிருந்தது. கலையை இறக்கி வைப்பது இந்த ஊருக்குப் புதிதில்லை என்று குறித்துக்கொண்டேன்.

தெரு முடிகிற இடத்தில் பிரெடரிக் சதுக்கம். பெரிய புல்வெளி, எதிரே பிரிடெரிச்சியானும் அருங்காட்சியகம். அதன் வெள்ளைத் தூண்களுக்குக் கறுப்படித்து, ருமேனியாவின் டான் பெர்ஜோவ்ஸ்கி சுண்ணாம்புக்கட்டியால் எழுதியதுபோலக் கோட்டுப் படங்கள் போட்டிருக்கிறார். பள்ளிக்கூடக் கரும்பலகை நிமிர்ந்து நின்ற மாதிரி இருக்கிறது.

சதுக்கத்தில் நான் பார்க்க வந்த பேனர் இல்லை. இருக்காது என்று தெரிந்துதான் வந்தேன். ஆனாலும் அது நின்ற இடத்தையாவது பார்க்க வேண்டும் என்றிருந்தது. இங்கே வழிகாட்டிகளுக்கு 'சொபாத்' என்று பெயர், இந்தோனேசிய மொழியில் நண்பர். ஒரு சொபாத் பெண்ணிடம் கேட்டேன். இந்தக் கேள்வியை அவள் அன்று எத்தனையாவது முறை கேட்கிறாளோ, கையை மட்டும் நீட்டிக் காட்டினாள். வெறும் புல்.

அதே சதுக்கத்தில், கண்ணுக்குப் படாத இன்னொரு படைப்பும் இருக்கிறது. இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் மணற்கல் பலகை. நடுவில் ஐந்து சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு பித்தளை வட்டம். குனிந்து பார்த்தால் தேய்ந்த பழைய காசு மாதிரி மினுக்குகிறது. அவ்வளவுதான். அதன் கீழே ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குப் பித்தளைத் தடி மண்ணுக்குள் இறங்கியிருக்கிறது. அமெரிக்கர் வால்டர் டி மரியா 1977இல் செய்தது. எங்கள் பக்கம் ஆயிரம் அடி போர் போட்டால் தண்ணீராவது வரும். இங்கே ஆழ்துளை போட்டு, தடியை இறக்கி, மூடிவிட்டார்கள். நான் அந்த வட்டத்தை மிதித்துக்கொண்டு நின்றேன். தடி கீழே இருக்கிறது என்பதை நம்புகிறேன். ஏன் நம்புகிறேன்? பக்கத்தில் இருக்கும் பலகை சொல்கிறது, அவ்வளவுதான்.

ராத்திரி அம்மா கூப்பிட்டார். "ஆடி வெள்ளியும் அதுவுமா எங்க கண்ணு சுத்தற?" கண்காட்சி என்றேன். "பொருட்காட்சியா? அப்பளம் வாங்கித் தின்னியா?"

இரண்டாம் நாள் – ஆகஸ்ட் 6, சனி

இரண்டு நாள் சீட்டு 45 யூரோ. கையில் பணம் இருப்பவர்கள் முன்பின் தெரியாத ஒருவருக்கும் சேர்த்து ஒரு சீட்டு வாங்கி வைக்கலாம் என்றும் ஏற்பாடு உண்டு. டீக்கடையில் யாரோ ஒருவர் குடிக்கட்டும் என்று இன்னொரு டீக்குக் காசு வைத்துவிட்டுப் போவது மாதிரி. நான் எனக்கு மட்டும்தான் வாங்கினேன், உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

இந்த டாக்குமெண்டாவை நடத்துவது ருவாங்ரூபா. ஜகார்த்தாவில் 2000இல் சில நண்பர்கள் சேர்ந்து ஆரம்பித்த குழு. 'ருவாங்' என்றால் இடம், அறை. 'ரூபா' நம் ரூபம்தான். ஆசியாவிலிருந்து டாக்குமெண்டாவின் பொறுப்புக்கு வந்தது இவர்கள்தான் முதல். தனி ஆளாக இல்லாமல் குழுவாக வந்ததும் இவர்களே முதல். பேர்பெற்ற ஓவியர்களைக் கூப்பிட்டுச் சுவரில் மாட்டாமல், பதினான்கு குழுக்களைக் கூப்பிட்டார்கள். அந்தக் குழுக்கள் இன்னும் பலரைக் கூப்பிட்டன. கடைசியில் கலந்துகொண்டவர்கள் 1,500 பேருக்கு மேல்.

இதற்கெல்லாம் அவர்கள் வைத்திருக்கும் ஒரே சொல் 'லும்புங்'. இந்தோனேசியக் கிராமங்களில் அறுவடையில் மிஞ்சிய நெல்லை எல்லோருமாகக் கொட்டி வைக்கும் களஞ்சியம். பணம், இடம், யோசனை, நேரம் எல்லாவற்றையும் அப்படிப் பொதுவில் கொட்டி, தேவைப்பட்டவர் எடுத்துக்கொள்வது என்று திட்டம். ஜெர்மன் பத்திரிகைகள் இந்தச் சொல்லைப் பத்தி பத்தியாக விளக்குகின்றன. எனக்கு அந்தக் கஷ்டம் இல்லை. எங்கள் அப்பாரு வீட்டில் குதிர் இருந்தது. சோளக்குதிர். மண்ணும் வைக்கோலும் குழைத்து ஆள் உயரத்துக்குக் கட்டியது, அடியில் கை நுழைகிற அளவுக்கு ஒரு துவாரம், அதற்குத் துணி அடைப்பு. ஆத்தா வாரம் ஒருமுறை மேல்மூடியைத் தள்ளி, முழங்கை வரை தானியத்துக்குள் விட்டுப் பார்ப்பார். எதற்கு என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "சூடு இருக்கான்னு பாக்கறஞ்சாமி." ஈரம் இறங்கினால் தானியம் உள்ளே சூடேறும், சூடேறினால் புழு வைக்கும். வெளியே ஒன்றும் தெரியாது.

பிரிடெரிச்சியானும் உள்ளே போனால் அருங்காட்சியகம் மாதிரியே இல்லை. தரைத்தளத்தில் உண்மையாகவே ஒரு குழந்தைகள் காப்பகம் நடக்கிறது, மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. பிரேசிலைச் சேர்ந்த கிராசியேலா குன்ஷ் அமைத்தது. பாயில் தவழ்கிற குழந்தையும் 'பங்கேற்பாளர்' கணக்கில் வருமா என்று தெரியவில்லை. மாடியில் ஆவணங்கள், ஆவணங்கள், மேலும் ஆவணங்கள். அல்ஜீரியப் பெண்கள் இயக்கத்தின் துண்டறிக்கைகள், ஆசியக் கலை பற்றிய படங்கள், கடிதங்கள். எல்லாம் முக்கியமானவைதான். ஆனால் ஐநூறு பக்கப் புத்தகத்தைக் கண்ணாடிப் பெட்டியில் விரித்து வைத்து நின்றுகொண்டே படி என்றால் எப்படி? ஒரு மணி நேரத்தில் கால் வலி கண்டு, பஞ்சுமெத்தையில் விழுந்தேன். அங்கே ஏற்கெனவே இரண்டு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். 'நொங்க்ரொங்' என்று இதற்கும் ஒரு இந்தோனேசியச் சொல் வைத்திருக்கிறார்கள்: வேலை வெட்டி இல்லாமல் கூடி உட்கார்ந்து பேசுவது. திண்ணை அரட்டை. கலை வேண்டாம், நட்பு பண்ணு என்பது இந்தக் கண்காட்சியில் அடிக்கடி காதில் விழும் முழக்கம். திண்ணை நல்லதுதான். ஆனால் திண்ணைக்கு உள்ளூர்க்காரனாக இருக்க வேண்டும். டிக்கெட் வாங்கி வந்தவன் திண்ணையில் உட்கார்ந்தாலும் மணியைப் பார்த்துக்கொண்டேதான் இருப்பான்.

கட்டடத்தின் உச்சியில் மின்னணு எண்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. ஆஸ்திரேலியப் பழங்குடி ஓவியர் ரிச்சர்ட் பெல், தன் மக்களுக்கு வரவேண்டிய நிலவாடகையைக் கணக்குப் போட்டு ஏற்றிக்கொண்டே போகிறார். கீழே புல்வெளியில் அவருடைய கூடாரம். 1972இல் கான்பெராவில் பழங்குடியினர் போட்ட கூடாரத் தூதரகத்தின் நினைவாக. விளக்கம் ஒரு வரி, எண்கள் ஒரு வரி. நின்று படிக்கவே தேவையில்லை, நடந்துகொண்டே வயிற்றில் இறங்குகிறது.

அடுத்து டாக்குமெண்டா ஹாலே. கண்ணாடி முகப்புள்ள கட்டடத்தின் வாசலை நைரோபியின் முகுரு குடிசைப் பகுதியிலிருந்து வந்த வஜுக்கூ குழு துருப்பிடித்த தகரத்தால் மூடியிருக்கிறது. தலை குனிந்து, இருட்டுக் குகைக்குள் நுழைவது மாதிரிதான் உள்ளே போக வேண்டும். உள்ளே டாக்காவின் பிரிட்டோ குழு ஒரு பஜாரே வைத்திருக்கிறது. காய், மீன், டப்பா, மூட்டை எல்லாம் துணியிலும் மண்ணிலும் உலோகத்திலும் செய்தவை. பின்னால் சுவர் முழுக்கச் சினிமாக் காட்சிகளைக் கையால் வரைந்திருக்கிறார்கள், எல்லாம் பசியும் சோறும் பற்றியவை. அண்ணா சாலையில் ஒருகாலத்தில் நின்ற கட்அவுட் ஓவியர்களின் கை இதில் தெரிகிறது. இதே கட்டடத்தில் தாய்லாந்துக்காரர்கள் ஸ்கேட்போர்டு சறுக்குப் பாதை கட்டியிருக்கிறார்கள். பையன்கள் தடதடவென்று போய்வருகிறார்கள். அமைதியாக நின்று ரசிக்க வந்த ஒரு முதியவர் காதைப் பொத்திக்கொண்டார்.

பின்பக்கம் பிரிட்டோவின் 'பாக்கொர்', அதாவது அடுக்களை. நளபாகத்தில் வரும் அதே பாகம். 100 நாளும் நாளுக்கொரு நாட்டுக்காரர் சமைப்பதாக ஏற்பாடு. நான் போன நேரத்தில் சாப்பாடு தீர்ந்து, அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். இதற்குத்தான் சொல்கிறேன், கலைக் கண்காட்சிக்கும் கல்யாண வீட்டுக்கும் முதல் பந்தியிலேயே போய்விட வேண்டும்.

படியிறங்கினால் கார்ல்ஸ்அவ்வெ பூங்கா. அரண்மனைத் தோட்டம், கத்தரித்த புல், தூரத்தில் மஞ்சள் நிற ஆரஞ்சரி மாளிகை. அந்தப் புல்வெளிக்கு நடுவில் பேல்கள்.

திருப்பூர்க்காரனுக்குப் பேல் என்றால் தூரத்திலேயே தெரியும். இறுக்கிக் கட்டிய துணி மூட்டைகள், செங்கல் அடுக்குவதுபோல அடுக்கி ஒரு சின்ன வீடே கட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் உடைந்த மின்னணுச் சாமான்களின் குவியல். கென்யாவின் நெஸ்ட் கலெக்டிவ் என்ற குழு செய்தது. தலைப்பு 'அனுப்பியவருக்கே திருப்பு'. ஐரோப்பியர்கள் தானம் என்று பெட்டியில் போடும் பழைய உடுப்புகள் ஆப்பிரிக்காவுக்குப் பேலாகப் போகின்றன. ஸ்வாஹிலியில் அதற்கு 'மிடும்பா' என்று பெயர், மூட்டைகள் என்று பொருள். விற்றது போக மிச்சம் அங்கே குப்பைமேடாகிறது. அந்தக் குப்பையைத்தான் இங்கே அரண்மனை வாசலில் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள்.

உள்ளே ஒரு படம் ஓடுகிறது. நான் படத்தைப் பார்க்கவில்லை, சுவரைத்தான் பார்த்தேன். சிவப்பு டி-சர்ட் ஒன்றின் கை பிதுங்கி வெளியே தொங்குகிறது. பக்கத்தில் குழந்தையின் ஜட்டி. அதற்கு மேலே காலர், ரிப், ரவுண்டு நெக், மறுபடி ரிப். வெயிலிலும் மழையிலும் கிடந்து சாயம் வெளிறி, புழுங்கிய துணி வாசம். அந்த வாசத்தில் ஒரு நிமிடம் காதர்பேட்டையில் நின்றேன். ஏற்றுமதியில் மிஞ்சியதும் கழித்ததும் அங்கேதான் கிலோக் கணக்கில் விலைக்கு வரும். எங்கள் ஊரில் ஒரு துணி பிறக்கும் வாசம் தெரியும், கழிபடும் வாசமும் தெரியும். இடையில் அது எங்கெங்கோ போய் யார் யாரோ போட்டு, கடைசியில் இப்படி வந்து உட்காரும் என்று யோசித்ததே இல்லை.

அப்புறம் இன்னொன்றும் தோன்றியது. கென்யாக்காரர்கள் 'அனுப்பியவருக்கே திருப்பு' என்று ஜெர்மனிக்குத் திருப்பிவிட்டார்கள். சரிதான், தூக்கிப் போட்டவர்கள் இவர்கள். ஆனால் தைத்து அனுப்பியவர்கள்? நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு ஓடி, ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணீர்த் தொட்டியாகி, கடைசியில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அன்று ஊரே சோர்ந்து கிடந்தது, வேலை போச்சே என்று. ஆறு போச்சே என்று அழுதவர்கள் கீழ்க்கரை விவசாயிகள் மட்டும்தான். விலாசத்தில் ஜெர்மனி மட்டும் எழுதினால் போதுமா என்று எனக்குள் ஒரு உறுத்தல்.

லேபிள் தேடினேன். பெரும்பாலும் வெட்டியிருந்தது அல்லது வெளிறியிருந்தது. அந்தச் சிவப்பு டி-சர்ட்டின் உள்பக்கத் தையல் மட்டும் நன்றாகத் தெரிந்தது. கிட்டப் போய் அதை மட்டும் ஒரு படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன்: "இது எந்த ஊர்த் தையல்னு சொல்லுங்கப்பா." அங்கே ராத்திரி பத்தரைக்கு மேல். தூங்கியிருப்பார்.

மூன்றாம் நாள் – ஆகஸ்ட் 7, ஞாயிறு

காலையில் நகர அருங்காட்சியகத்துக்கு ஒரு எட்டு. ஆஸ்திரேலியாவின் சஃப்தர் அகமது செய்த வீடியோ. அகதிகளை ஆஸ்திரேலியா அடைத்து வைத்த மானுஸ் தீவு முகாமில் வருடக்கணக்கில் அடைபட்டிருந்த குர்திஷ் கிதார் கலைஞர் ஒருவர் தன் கதையைச் சொல்கிறார். அந்தத் தீவில் இருந்தவர்களில் ஈழத் தமிழர்களும் உண்டு. பத்து நிமிடம் பார்த்தேன், அதற்குமேல் முடியவில்லை. இதைப் பற்றி அதிகம் எழுத வரவில்லை.

டிராம் ஏறி பெட்டன்ஹவுசன். தொழிற்சாலைப் பக்கம், சுற்றுலாக்காரர் வராத கிழக்குப் பகுதி. இங்கே பழைய நீச்சல்குளக் கட்டடம் ஒன்றில் தாரிங் பாடி இருக்கிறார்கள். பேனர் அவர்களுடையதுதான்.

வாசல் புல்வெளியில் அட்டையில் வெட்டிய நூற்றுக்கணக்கான பொம்மைகள், குச்சியில் செருகி நிற்கின்றன. விவசாயி, மீனவர், கோஷம் போடும் பெண், முஷ்டி. உள்ளே இருபது வருடத்துக்கு மேலான மரச்செதுக்கு அச்சுகள், துணிப் பேனர்கள். ஒரு அச்சின் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். மரத்தில் உளி சறுக்கிய இடம் வெள்ளைக் கீறலாக அப்படியே விழுந்திருக்கிறது. அதைச் சரிசெய்யவில்லை, மழைக்கோடாக்கிக்கொண்டார்கள். நல்ல கைகள்.

இந்தோனேசிய சர்வாதிகாரி சுகார்த்தோ 1998இல் விழுந்த பிறகு யோக்யகார்த்தாவில் மாணவர்கள் சேர்ந்து ஆரம்பித்த குழு இது. 1965–66இல் இந்தோனேசியாவில் கம்யூனிஸ்டுகள் என்ற பெயரில் கொல்லப்பட்டவர்கள் குறைந்தது ஐந்து லட்சம் பேர். அதற்கு மேற்கு நாடுகளின் ஆசி இருந்தது. 2002இல் தாரிங் பாடி வரைந்த 'மக்களின் நீதி' அதைப் பற்றியது. கிட்டத்தட்ட 100 சதுர மீட்டர் துணி. ஒரு பக்கம் ராணுவமும் உளவு அமைப்புகளும், மறுபக்கம் மக்கள். அந்தக் கூட்டத்தில் பன்றி முகத்தோடு ஒரு சிப்பாய், கழுத்தில் யூதர்களின் தாவீது நட்சத்திரம், தலைக்கவசத்தில் 'மொசாட்' என்று இஸ்ரேல் உளவு அமைப்பின் பெயர். இன்னொரு ஆள்: காதோரச் சுருள்முடி, கோரைப்பல், தொப்பியில் ஹிட்லரின் எஸ்எஸ் படை அடையாளம்.

ஜூன் 18 கண்காட்சி திறந்தது. 20ஆம் தேதி சாயங்காலம் பேனருக்குக் கறுப்புத் துணி போர்த்தினார்கள். 21ஆம் தேதி இறக்கிவிட்டார்கள். ஜூலையில் ஜெர்மன் கலைஞர் ஹிட்டோ ஸ்டெயர்ல் தன் படைப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அதே மாதம் டாக்குமெண்டாவின் தலைமை இயக்குநரும் பதவியை விட்டுப் போனார்.

உளவு அமைப்பைத் திட்ட வேண்டும் என்றால் திட்டலாம். கோரைப்பல்லும் சுருள்முடியும் உளவு அமைப்பின் அடையாளம் இல்லை, ஒரு சமூகத்தின் மேல் பூசியது. ஒருத்தனைத் திட்ட அவன் சாதி அடையாளத்தை வரைவது நமக்கும் தெரியாத வேலை இல்லை. ஆக, அந்த உருவத்துக்கு வக்காலத்து வாங்க என்னிடம் ஒன்றுமில்லை. தாரிங் பாடியும் மன்னிப்புக் கேட்டார்கள். ருவாங்ரூபாவும் கேட்டது: அந்த உருவத்தை நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து கவனிக்கத் தவறிவிட்டோம் என்று.

'எல்லோருமாக' என்ற அந்தச் சொல்தான் எனக்கு இடிக்கிறது. அப்பாவின் செக்கிங் டேபிளில் இது நடக்காது. அங்கே ஒவ்வொரு பீஸையும் திருப்பி, விரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற ஒரு பெண் இருப்பாள். ஆயில் கறை, ஓட்டை, நூல் விட்டது, எது இருந்தாலும் அந்த இடத்தில் அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் தனியே போடுவாள். தப்புப் பீஸ் ஒன்று பெட்டிக்குள் போய்விட்டால் யார் பாஸ் பண்ணியது என்று கேட்பார்கள். பெயர் இருக்கும். பொதுக் குதிரில் எல்லோரும் தானியம் கொட்டினார்கள், சரி. கை விட்டுச் சூடு பார்க்க ஆத்தா யார்?

ஆனால் இந்தக் கணக்கும் நேராக முடியவில்லை. எதைக் குறை என்று சொல்வது என்ற பட்டியல் துணியை வாங்கும் பையர் கொடுப்பது. ஜெர்மன்காரன் கழித்த பீஸை நம் ஊரில் சந்தோஷமாகப் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறோம். அறுபது லட்சம் யூதர்களைக் கொன்ற நாட்டின் குறைப்பட்டியலில் முதல் வரியில் இருப்பது, யோக்யகார்த்தாவில் பட்டியலிலேயே இல்லை. அங்கே முதல் வரி 1965. பேனர் இருபது வருடமாக இருக்கிறது. 2002இலேயே ஆஸ்திரேலியாவில் அடிலெய்டில் வைத்திருக்கிறார்கள். இத்தனை வருடத்தில் யாருடைய கண்ணிலும் குத்தவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். யூதரைக் கோரைப்பல்லோடு வரைவது ஜாவாவில் முளைத்த வழக்கம் இல்லை, ஐரோப்பாவில் முளைத்தது. அந்தப் பேலும் சுற்றிச் சுற்றி அனுப்பியவர் வாசலுக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

கண்காட்சி திறப்பதற்கு நாலு நாள் முன்பு, ஜூன் 14 அன்று, ஜெர்மனியின் உச்ச உரிமையியல் நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. விட்டன்பர்க் நகரத் தேவாலயச் சுவரில் 13ஆம் நூற்றாண்டுச் சிற்பம் ஒன்று இருக்கிறது. பன்றியின் மடியில் யூதர்கள் பால் குடிப்பதாகச் செதுக்கியது. கீழே நினைவுப் பலகையும் விளக்கமும் வைத்திருப்பதால் அதை எடுக்க வேண்டியதில்லை என்பது தீர்ப்பு. கல்லில் இருந்தால் விளக்கப் பலகை, துணியில் இருந்தால் இறக்கு. தேவாலயத்துக்கு எழுநூறு வருட வயது. பேனருக்கு அந்தச் சதுக்கத்தில் வயது மூன்று நாள். அதுதான் வித்தியாசமா?

என்னைக் கேட்டால் அந்தக் கறுப்புத் துணியை எடுத்திருக்கக் கூடாது. ஒரு ராத்திரி மட்டும் சதுக்கத்தில் கறுப்பாக நின்றதே, அதை அப்படியே 100 நாளும் விட்டிருக்கலாம். கீழே இரண்டு பலகை: 1965இல் என்ன நடந்தது, இந்த உருவம் எங்கிருந்து வந்தது. பித்தளைத் தடியைப் பார்க்காமலே நம்பியவர்கள் இதையும் நின்று படித்திருப்பார்கள். இப்போது வெறும் புல்தான் இருக்கிறது. அஞ்சு லட்சம் பேரைப் பற்றி ஒரு சொல் அங்கே இல்லை.

இதை என்னோடு டிராமுக்குக் காத்திருந்த ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியையிடம் அரைகுறை ஜெர்மனில் சொன்னேன். அவர் மறுத்தார். "தினமும் காலையில் அந்தக் கறுப்புத் துணியைத் தாண்டிக் கடைக்குப் போகிறவள் ஒரு யூதப் பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும் அல்லவா?" எனக்குப் பதில் வரவில்லை. டிராம் வந்துவிட்டது.

புனித குனிகுண்டிஸ் தேவாலயத்தைப் பற்றி ஒரு வரி. வழிபாடு நின்றுபோன தேவாலயம். உள்ளே ஹெய்ட்டியின் அதிஸ் ரெசிஸ்தான்ஸ் குழு வைத்த சிலைகள். கார் பாகம், மரம், டயர், அப்புறம் நிஜ மண்டையோடுகள். பீடத்தின் முன்னால் அவை நிற்கிற நிலையில் நம்மூர்க் காவல் தெய்வங்களின் சாயல். செருப்பைக் கழற்றலாமா என்று கால் தானாக ஒரு நொடி நின்றது. இங்கே மட்டும் எந்தப் பலகையையும் படிக்கத் தோன்றவில்லை.

நான்காம் நாள் – ஆகஸ்ட் 8, திங்கள்

இன்று லீவு போட்டிருக்கிறேன். மத்தியான ரயில். சீட்டு முடிந்துவிட்டதால் காலையில் சும்மா நடந்தேன். காஸலில் எந்தத் தெருவில் நடந்தாலும் மரத்தடியில் ஒரு கருங்கல் தூண் நட்டிருக்கும், இடுப்பளவோ கொஞ்சம் கூடவோ. ஜெர்மன் கலைஞர் ஜோசப் பாய்ஸ் 1982இல் 7,000 கற்களைப் பிரிடெரிச்சியானும் எதிரே கொட்டிவிட்டு, ஒரு மரம் நட்டால்தான் ஒரு கல்லை எடுக்கலாம் என்றார். ஒரு மரத்துக்கு 500 மார்க் நன்கொடை. கார் நிறுத்தும் இடம் போச்சே என்று ஊரே திட்டியதாம். பாய்ஸ் 1986இல் இறந்தார். கடைசி மரத்தை அடுத்த வருடம் அவர் மகன் நட்டார்.

நட்ட புதிதில் கல் பெரிதாகவும் கன்று குச்சியாகவும் இருந்திருக்கும். நமக்கு நடுகல் என்றால் செத்தவனுக்கு. நாளாக நாளாக ஊர் மறந்து கல் மட்டும் மிஞ்சும். இங்கே கல் அப்படியே நிற்க, மரம் அதை மீறி எங்கோ போய்விட்டது. நான் பார்த்த ஒரு ஓக் மரத்தின் வேர் பருத்து, கல்லை மெல்லச் சாய்த்திருந்தது. யாரோ அந்தக் கல்லின் மேல் காலி காப்பிக் கோப்பையை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

ரயிலில் இன்று உட்கார இடம் கிடைத்தது. டிரைசா தாண்டும்போது அப்பாவின் குரல்பதிவு வந்தது. ரெண்டு நாளாகப் படத்தைப் பார்த்தும் பதில் போடாமல் இருந்தவர், கண்ணாடி போட்டுக்கொண்டு வாசல் வெளிச்சத்தில் நின்று பெரிதுபடுத்திப் பார்த்திருக்கிறார்.

"எந்த ஊர்னு தையல வெச்சுச் சொல்ல முடியாது கண்ணு. ஆனா தோள்பட்டைல ஓவர்லாக் நூல் விட்டிருக்கு பாரு, ரெண்டு இஞ்சு. செக்கிங்லயே ஒதுக்கியிருக்கோணும். இத எவன் பாஸ் பண்ணான்?"

சிரிப்பு வந்துவிட்டது. எதிரில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். தூரத்திலிருந்து எடுத்த இன்னொரு படத்தை அனுப்பினேன், புல்வெளி நடுவில் பேல் வீடு முழுசாகத் தெரியும்படி. இந்த முறை உடனே கூப்பிட்டார்.

"என்ன கண்ணு, இத்தன பேலையும் தார்ப்பாய்கூடப் போடாம வெளியில அடுக்கியிருக்கானுங்க? மழை பேஞ்சா என்ன பண்ணுவாங்க?"